காய்ச்சலும் வருகைப் பதிவேடும்



அழைப்பிதழில் என் தலைப்பு 'பல்கலைக்கழக வளாகங்களில் ஃப்ளூ பரவலும் தடுப்பூசியும்' என்று அச்சாகியிருக்கிறது. இந்தப் பேச்சுக்கு நான் கொடுத்திருக்கும் தலைப்பு வேறு. மாற்றியதற்கான காரணம் பேச்சின் பிற்பகுதியில் வரும். அதற்கு முன் உங்களை ஓர் ஊருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே உள்ள ஆன் ஆர்பர். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். ஃப்ளூ தடுப்பூசியின் வெற்றி, தோல்வி இரண்டையும் ஒரே வளாகத்து மாணவர்களிடம் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்த இடம் இதைப்போல் இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை.

1941இல் அங்கே புதிதாகத் தொடங்கிய பொதுச் சுகாதாரப் பள்ளியில் தொற்றுநோயியல் துறையை அமைக்க வந்தவர் தாமஸ் பிரான்சிஸ் ஜூனியர். 1934இல் அமெரிக்காவில் மனிதரிடமிருந்து ஃப்ளூ வைரஸை முதலில் பிரித்தெடுத்தவர். 1940இல் பி வகை வைரஸைக் கண்டறிந்தவர். அவர் வந்த மறு ஆண்டே அவரிடம் வேலை கற்க ஓர் இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். அவர்தான் ஜோனஸ் சால்க். போலியோ தடுப்பூசியால் பின்னாளில் உலகம் அறிந்த அந்தச் சால்க், தடுப்பூசிக் கலையைப் பழகியது ஃப்ளூவில்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1918இல் ஃப்ளூவால் படைமுகாம்களில் வாலிபர்கள் கொத்துக் கொத்தாக மடிந்ததை அமெரிக்க ராணுவம் மறக்கவில்லை. தடுப்பூசி வேண்டும் என்றது. கோழி முட்டையில் வைரஸை வளர்த்து, ஃபார்மலினால் செயலிழக்கச் செய்து, ஊசிமருந்து தயாரானது. யாரிடம் சோதிப்பது? ராணுவம் அந்த நாளில் பல்லாயிரம் வீரர்களைப் பொறியியலும் மருத்துவமும் மொழிகளும் படிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியிருந்தது. சீருடை அணிந்த மாணவர்கள். விடுதியில் தூக்கம், ஒரே மெஸ்ஸில் சாப்பாடு, ஒரே வகுப்பில் படிப்பு. 1943 இலையுதிர்காலத்தில் ஏறத்தாழ 12,500 பேரை எடுத்து, பாதிப் பேருக்குத் தடுப்பூசியும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டார்கள். சில வாரங்களில் ஃப்ளூ வந்தது. போடாதவர்களில் 7.11 விழுக்காட்டினருக்கு நோய், போட்டவர்களில் 2.22. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஃப்ளூ தடுப்பூசிக்கு இவ்வளவு தெளிவான சான்று கிடைத்தது அதுவே முதல் முறை. அது கிடைத்தது மருத்துவமனைகளில் அல்ல, கல்லூரி விடுதிகளில் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் விடுதிக் காப்பாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வெற்றிக் கதையோடு பல பாடநூல்கள் நின்றுவிடுகின்றன. எனக்குப் பிடித்தது அடுத்த அத்தியாயம்.

1947 வசந்த காலத்தில் ஆன் ஆர்பரில் மறுபடி ஃப்ளூ. மாணவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருந்தார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் போடவில்லை. பரவல் அடங்கியதும் எண்ணினார்கள். போட்டவர்களில் நோயுற்றோர் 7.19 விழுக்காடு, போடாதவர்களில் 8.09. ஊசி போட்டதும் போடாததும் கிட்டத்தட்ட ஒன்றே. வைரஸ் உருமாறியிருந்தது, பழைய வைரஸைக் கொண்டு செய்த ஊசிக்கு அது பிடிகொடுக்கவில்லை. நான்கே ஆண்டுகளுக்கு முன் உலகப் புகழ் தேடித்தந்த தங்கள் தடுப்பூசி பொய்த்துப்போனதை பிரான்சிஸும் சால்க்கும் அவர்களுடன் பணியாற்றிய குவில்லிகனும் அதே ஆண்டில் கட்டுரையாக அச்சிட்டார்கள். மறைக்கவில்லை, தள்ளிப்போடவும் இல்லை. ஃப்ளூ வைரஸை உலகமெங்கும் இடைவிடாது கண்காணிக்காமல் தடுப்பூசி செய்வது வீண் வேலை என்பதை அந்தத் தோல்விதான் ஐயமின்றிக் காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பு வலையமைப்பு 1952இல் உருவாயிற்று. இன்று ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், வரப்போகும் பருவத்துக்கு எந்த வைரஸை ஊசியில் சேர்ப்பது என்று நிபுணர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். அது ஓர் ஊகம். படித்தவர்கள் தரவுகளைப் பார்த்துச் செய்யும் ஊகம்தான், ஆனாலும் ஊகம். சில ஆண்டுகளில் பொருந்தும், சில ஆண்டுகளில் தவறும்.

அதே வளாகத்தில் ஹுனைன் மசாப் என்ற விஞ்ஞானி 1960 முதல் நாற்பதாண்டு காலம் உழைத்து, குளிரில் மட்டும் நன்றாக வளரும் வலுவிழந்த வைரஸைக் கொண்டு மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினார். 2003இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் மூல வைரஸின் பெயரிலேயே ஆன் ஆர்பர் இருக்கிறது. பின்பு 2007-08 பருவத்தில் அதே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், மிச்சிகனில் 18 முதல் 49 வயதுள்ள 1,952 பேரிடம் ஊசியையும் இந்தத் தெளிப்பையும் ஒப்பிட்டார்கள். ஊசி 68 விழுக்காடு காத்தது; தெளிப்பு 36. சொந்த ஊர்ச் சரக்கு தோற்றது. அதையும் அச்சிட்டார்கள். இந்த ஊரை நான் தேர்ந்தெடுத்ததற்கு இந்தப் பழக்கமே காரணம்.

2006-07 குளிர்காலத்தில் அங்கே இன்னொரு சோதனை நடந்தது. விடுதிகளில் தங்கிய 1,437 மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு முகக்கவசம் அணிந்து, கையையும் அடிக்கடி சுத்தம் செய்தது. இன்னொன்று முகக்கவசம் மட்டும் அணிந்தது. மூன்றாவது எதுவும் செய்யவில்லை. ஆறு வாரங்களையும் சேர்த்துப் பார்த்தால் குழுக்களிடையே உறுதியான வேறுபாடு இல்லை. நான்காம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை மட்டும், இரண்டையும் செய்த குழுவில் ஃப்ளூ போன்ற காய்ச்சல் 35 முதல் 51 விழுக்காடு குறைந்திருந்தது. கொரோனா வருவதற்குப் பதிமூன்று ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. முகக்கவசத்தைத் தூற்றுகிறவர்கள் முதல் முடிவை மேற்கோள் காட்டுவார்கள். போற்றுகிறவர்கள் இரண்டாவதைக் காட்டுவார்கள். இரண்டும் ஒரே கட்டுரையில் இருக்கின்றன.

இனி 2021. அதற்கு முந்தைய கொரோனா காலக் குளிர்காலத்தில் உலகெங்கும் ஃப்ளூ ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. மாணவர்கள் நேரடி வகுப்புக்குத் திரும்பிய முதல் இலையுதிர்காலம். அக்டோபர் 6 அன்று மிச்சிகன் வளாகத்தில் முதல் நோயாளி. நவம்பர் நடுவில் எண்ணிக்கை 528. சி.டி.சி. எனப்படும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் குழுவே நேரில் வந்து இறங்கியது. நவம்பர் 19 வரை ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 745 பேர். வைரஸ் ஏ வகையில் எச்3என்2. கட்டடங்களுக்குள் முகக்கவசம் கட்டாயமாக இருந்த பருவத்தில் நடந்தது இது என்பதை மறக்க வேண்டாம். சொந்த அறைக்கு அந்த விதி கிடையாது. வகுப்பறையைவிட விடுதியறையும் விருந்துமே பரப்பியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

அந்த நவம்பரில் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒரு புள்ளிவிவரம் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. நோயுற்றவர்களில் 77 விழுக்காட்டினர் தடுப்பூசி போடாதவர்கள். படித்தவுடன் என்ன தோன்றும்? "பார்த்தீர்களா, ஊசி போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம்." முதுகலை மாணவர்களிடம் இதை நான் தேர்வு வினாவாகவே கேட்டிருக்கிறேன். வளாகத்தில் உள்ள எல்லா மாணவர்களிலும் நூற்றுக்கு 77 பேர் போடாதவர்களாக இருந்தால் இந்த எண்ணுக்கு என்ன பொருள்? ஊசியால் ஒரு பயனும் இல்லை என்று பொருள். வளாகத்தில் பாதிப் பேர் போட்டிருந்தால் அதே 77 ஊசிக்குப் பெரிய நற்சான்று. நோயாளிகளை மட்டும் எண்ணினால் ஒன்றும் தெரியாது. நோய் வராதவர்களையும் எண்ண வேண்டும். சி.டி.சி. குழு அதைத்தான் செய்தது. இருமல், காய்ச்சலோடு வந்து, பரிசோதனையில் ஃப்ளூ இல்லை என்று தெரிந்தவர்களையும் ஃப்ளூ உள்ளவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. தடுப்பூசியின் பலன் மிகக் குறைவாக இருந்தது. இருந்ததாகத் தெரிந்ததும் புள்ளியியல்படி நிற்கவில்லை. 1947 மறுபடி நடந்திருந்தது, அதே ஊரில்.

"அப்படியானால் ஊசியே வேண்டாமா டாக்டர்?" என்று முன்வரிசையில் ஒருவர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. வேண்டும். வைரஸோடு பொருந்தும் ஆண்டுகளில் ஃப்ளூவுக்காக மருத்துவரிடம் போக வேண்டிய நிலையை அது 40 முதல் 60 விழுக்காடு குறைக்கிறது. எந்த ஆண்டு பொருந்தும் என்பது முன்னால் தெரியாது. அதனாலேயே ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது. ஆஸ்துமா உள்ள மாணவி, சர்க்கரை நோயுள்ள மாணவன், இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணியான ஆய்வு மாணவி, அறுபதைத் தொடும் பேராசிரியர் ஆகியோருக்கு நான் இருமுறை யோசிக்காமல் போடச் சொல்வேன். நான் மறுப்பது ஊசியை அல்ல. ஊசி முகாம் ஒன்று நடத்தி, படம் எடுத்து, இணையதளத்தில் ஏற்றிவிட்டால் வளாகத்தின் கடமை முடிந்தது என்ற நினைப்பை.

ஊசி பொய்க்கும் ஆண்டில் வளாகத்தின் கையில் என்ன இருக்கிறது? இங்கேதான் வருகைப் பதிவேடு வருகிறது.

ஃப்ளூ தொற்றியவருக்கு ஒன்று முதல் நான்கு நாளில் காய்ச்சல் தொடங்கும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அவர் பரப்பத் தொடங்கிவிடுவார். அதிகமாகப் பரப்புவது முதல் மூன்று, நான்கு நாட்களில். காய்ச்சல் மாத்திரை விழுங்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சலற்று இருக்கும்வரை அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. 'மாத்திரை விழுங்காமலேயே' என்ற சொற்கள் முக்கியம். நம் மாணவர்கள் காலை ஏழு மணிக்கு ஒரு டோலோ 650 போட்டுக்கொண்டு எட்டரை மணி வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள். உடம்பு சூடு குறைந்திருக்கும், வைரஸ் குறைந்திருக்காது.

ஏன் வருகிறார்கள்? படிப்பின் மேல் உள்ள ஆசை என்று சொல்லி உங்களை மகிழ்விக்க எனக்கும் விருப்பம்தான். உண்மை என்னவென்றால், 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. பேராசிரியர்கள் கணக்குச் சொல்வார்கள்: "ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாள் விடுப்பு எடுக்கலாமே, நான்கு நாள் காய்ச்சலில் என்ன குடிமுழுகிவிடும்?" கணக்கு சரி. ஆனால் அந்த 22 நாளில் அக்கா கல்யாணம், ஊர்த் திருவிழா, தேர்தலுக்கு ஊருக்குப் போனது, தூங்கிப்போனது எல்லாம் ஏற்கெனவே கழிந்திருக்கும். இன்டர்னல் தேர்வு தவறினால் மறுதேர்வு உண்டா என்பது ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்தது. ஆய்வக வகுப்பு போனால் போனதுதான். வருகை குறைந்தவர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் காட்டி, கட்டணம் கட்டி, மன்னிப்புப் பெறும் வழி ஒன்று வைத்திருக்கிறோம். வளாக மருத்துவ மையத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஃப்ளூ வாரத்தில் காலையில் வாசலில் நிற்கும் வரிசையில் பாதி, சான்றிதழுக்காக நிற்கும் வரிசை. படுத்திருக்க வேண்டியவன் எழுந்து வந்து, ஒரு குறுகிய நடையில் நாற்பது பேரோடு ஒரு மணி நேரம் இருமிக்கொண்டு நிற்கிறான். உள்ளே மருத்துவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். மூச்சு வாங்குகிற ஒருத்தி அதே வரிசையில் முப்பதாவது ஆளாக நிற்கிறாள்.

2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது, ஆகஸ்டில், உயர்கல்வி நிறுவனங்களுக்கென்றே சி.டி.சி. ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் இரண்டு பரிந்துரைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒன்று, நோயுற்ற மாணவரிடமும் ஊழியரிடமும் மருத்துவர் சான்று கேட்காதீர்கள். மருத்துவ மையங்கள் திணறும். மற்றொன்று, மாணவர்களை ஜோடி சேர்த்துவிடுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் உணவும் குறிப்புகளும் கொண்டுபோய்க் கொடுத்து, நிலைமை மோசமானால் தகவல் சொல்லட்டும். நம் விடுதிகளில் இரண்டாவது யாரும் சொல்லாமலே நடக்கிறது. அறைத்தோழன் தட்டில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு மாடி ஏறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தடையாக இருப்பது 'மெஸ்ஸை விட்டுத் தட்டை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது' என்ற பலகை. முதல் பரிந்துரைதான் நமக்குக் கடினம். சான்று இல்லாமல் விடுப்புக் கொடுத்தால் ஏமாற்றுவார்கள் என்ற பயம். சிலர் ஏமாற்றத்தான் செய்வார்கள். சான்று கேட்கும்போதும் ஏமாற்றுகிறவர்கள் ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கான விலை என்னவென்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே என் பரிந்துரை இது. பருவத்துக்கு நான்கு நாள், மாணவர் தாமே அறிவித்து எடுக்கும் காய்ச்சல் விடுப்பு. செல்பேசியில் விடுதி எண், தளம், காய்ச்சல் தொடங்கிய நாள் ஆகிய மூன்றை மட்டும் பதிவு செய்யட்டும். அந்த நான்கு நாளும் வருகைக் கணக்கில் கழிபடக் கூடாது. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இந்தப் பதிவுகள் சேரும்போது ஒரு கண்காணிப்பு முறை செலவில்லாமல் கிடைத்துவிடும். எந்த விடுதியில், எந்தத் தளத்தில், எந்த நாளில் காய்ச்சல் கூடுகிறது என்பது மருத்துவருக்கு மறுநாள் காலையிலேயே தெரியும்.

தெரிவது ஏன் முக்கியம் என்றால், நம் ஊர் மிச்சிகன் அல்ல. அங்கே அக்டோபரில் நூறு மாணவர்களுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் நினைப்பது ஃப்ளூவை. இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் ஃப்ளூவும் டெங்குவும் கைகோத்து வரும். பின்னாலேயே எலிக்காய்ச்சலும் டைஃபாய்டும் வரலாம். ஒரே தளத்தில் அடுத்தடுத்த அறைகளில் இரண்டு மூன்று நாளுக்குள் இருமலோடு காய்ச்சல் என்றால் ஃப்ளூ என்று பந்தயம் கட்டலாம். தளங்களைத் தாண்டி, இருமல் இல்லாமல், கண்ணுக்குப் பின்னால் வலியோடு வந்தால் டெங்குக் கொசு இருக்கிறதா என்று மாடித் தொட்டிகளைப் போய்ப் பாருங்கள். ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் வந்தால் தண்ணீரைப் பாருங்கள். எது என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமே வாங்கி விழுங்கக் கூடாது, டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவுக்கு இடமாகும்.

2009இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஃப்ளூவுக்கு வகுத்த ஏ, பி, சி பிரிவுகள் இன்றும் பயன்படுகின்றன. லேசான காய்ச்சலும் இருமலும் ஏ: பரிசோதனையும் வேண்டாம், ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மாத்திரையும் வேண்டாம், அறையில் ஓய்வு. கடுமையான காய்ச்சலோ, ஆஸ்துமா போன்ற கூடுதல் ஆபத்தோ இருந்தால் பி: பரிசோதனைக்குக் காத்திராமல் மாத்திரை, 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, அரைமயக்கம், நகம் நீலம் பூத்தல் என்றால் சி: உடனே மருத்துவமனை. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் ஒவ்வொரு விடுதி அலுவலகத்திலும் ஏதோ ஓர் இழுப்பறையில் கிடக்கிறது. தேடி எடுத்து பேட்டரி போடுங்கள்.

பரவல் பெருகினால் கல்லூரியை மூடிவிடலாமே என்பது நம் நிர்வாகங்களுக்கு உடனே தோன்றும் வழி. இரண்டாயிரம் மாணவர்களை ஒரே இரவில் பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்புவது, வளாகத்தின் சிக்கலை வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டியிடம் ஒப்படைப்பது. 2021இல் மிச்சிகனின் பெரிய கவலையும் மாணவர்கள் ஊருக்குப் போகும் நன்றித் திருநாள் விடுமுறைதான். 1918இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் பிரின் மார் கல்லூரியும் செய்தது இதற்கு நேர் எதிர்: வளாகத்தை வெளியுலகிலிருந்து ஒதுக்கி வைத்துக்கொண்டு, நோயில் அதிகம் சேதமின்றித் தப்பித்த அபூர்வ இடங்களின் பட்டியலில் இடம்பெற்றன. அதைத் தொகுத்து 2006இல் வெளியிட்டவர்கள், வரலாற்றாசிரியர் ஹோவர்ட் மார்க்கெலும் அவருடைய சகாக்களும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார். இன்றைய திறந்த வளாகத்தில் அப்படி ஒதுக்கி வைப்பது நடவாது. நோயுற்றவரை அனுப்பாமல் வைத்துப் பார்த்துக்கொள்வது நடக்கும். விடுதிக்கு இரண்டு அறை, ஜன்னல் திறக்கக்கூடிய அறைகள், போதும்.

தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா? 2020இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தன் எல்லா வளாகங்களிலும் ஃப்ளூ ஊசியைக் கட்டாயமாக்கியது. மாசசூசெட்ஸ் மாநிலம் அதே ஆண்டு ஆகஸ்டில் மாணவர்களுக்குக் கட்டாயம் என்று ஆணையிட்டு, எதிர்ப்புக்குப் பின் 2021 ஜனவரியில் திரும்பப் பெற்றது. ஒரு பருவத்தில் பொருந்தாமல் போகக்கூடிய ஊசியைக் கட்டாயப்படுத்தினால், பொய்க்கும் ஆண்டில் மற்றெல்லாத் தடுப்பூசியின் மேலும் மாணவர்களுக்கு நம்பிக்கை போய்விடும். கட்டாயம் வேண்டாம், இலவசமாகக் கொடுங்கள். இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. வெளியே போட ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். விடுதி மாணவனுக்கு அது பெரிய தொகை. போடுவதாக இருந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் போட வேண்டும். பலன் வர இரண்டு வாரமாகும். மழை அக்டோபரில் வந்துவிடும். பருவத் தேர்வு நவம்பரில். டிசம்பரில் முகாம் நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன. நன்கொடையாளருக்கு அப்போதுதான் தேதி கிடைத்திருக்கும் போல.

எல்லாருக்கும் ஊசி வாங்கப் பணம் போதாது என்று நிதி அலுவலர் சொன்னால், யாருக்கு முதலில் என்று பட்டியல் போட வேண்டியிருக்கும். நான் பார்த்த பட்டியல்களில் மருத்துவ மையப் பணியாளர், ஆசிரியர், மாணவர், அலுவலர் என்று வரிசை இருக்கும். மெஸ்ஸில் பரிமாறுகிறவரும், விடுதிக் கழிவறை கழுவுகிற அம்மாவும், இரவுக் காவலரும் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்பதால் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். வளாக மருத்துவ மையத்தில் அவர்களுக்குச் சீட்டும் கிடையாது. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போய்விடும். அதனால் அவர்கள் காய்ச்சலோடு வந்து ஐந்நூறு பேருக்கு இட்லி வைப்பார்கள். மாணவருக்கு நான் கேட்ட நான்கு நாள் விடுப்பை, கூலியோடு, இவர்களுக்கும் கேட்கிறேன். ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்த டெண்டர் ஜூன் மாதம் என்று பதிவாளர் சற்று முன்பு தேநீர் வேளையில் சொன்னார்.